மாடி போர்ஷன், சொந்த உபயோகத்துக்கு

ஒரு சனிக்கிழமை காலை, முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தபோதுதான் நான் ஒரு முதலீட்டாளர் என்பது எனக்குத் தெரியவந்தது.

அதுவரை என்னைக் குடிநீர் வாரியத்தில் மீட்டர் பிரிவு எழுத்தர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருஷமாக அப்படி நினைத்துத்தான் அவர்களும் சம்பளம் கொடுத்தார்கள். ஆனால் முந்தின நாள் பஸ்ஸில் யாரோ விட்டுவிட்டுப் போன பத்திரிகையில், 'வாடகைக்கு விட வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் முதலீட்டாளரே' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எங்கள் வீட்டுக்கு மாடி இருக்கிறது. மாடியில் வாடகைக்கு ஆள் இருக்கிறது. வேறென்ன வேண்டும்? கண்ணாடியில் பார்த்தேன். முகத்தில் களை கொஞ்சம் கூடித்தான் இருந்தது.

எங்கள் வீடு என்று சொன்னேன். வாய் அப்படிப் பழகிவிட்டது. பத்திரத்தில் என் மனைவி பெயர்தான் இருக்கிறது. என் மாமனார் எழுதிக் கொடுத்தது. எழுதும்போது என் பெயரையும் சேர்க்கலாமா என்று பத்திரம் எழுதுபவர் கேட்டாராம். மாமனார் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, காகிதம் வீணாகிவிடும் என்றாராம். இதை என் மனைவி பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் மாமனார் என்னைப் பார்த்த நேரம் கொஞ்சம் கூடிக்கொண்டே போகும்.

மாடியில் இருப்பவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க 'பிரேக், பிரேக்' என்று கத்துவது அவர் தொழில். அதனால் சின்னவர் பெரியவர் என்று இல்லாமல் தெருவுக்கே அவர் பிரேக் அக்கா. எட்டாவது படிக்கும் ஒரு மகள் உண்டு. கணவர் எங்கேயோ போய்விட்டார். எங்கே என்று நான் கேட்டதில்லை. என் மனைவி கேட்டிருப்பாள். எனக்குச் சொன்னதில்லை.

பிரேக் அக்கா குடிவந்து பதினொரு வருஷம் ஆகிறது. இங்கேதான் வாடகைச் சட்டம் குறுக்கே வந்து நிற்கிறது. இருக்கிற ஆளுக்கு வருஷத்துக்கு நூற்றுக்கு மூன்றுக்கு மேல் வாடகையை ஏற்றக் கூடாது. ஆள் மாறினால் மட்டும், புது ஆளோடு பேசி என்ன வாடகை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். அதாவது ஆள் நல்லவராக இருந்து, ஒழுங்காக வாடகை கொடுத்து, அசையாமல் உட்கார்ந்துவிட்டால் முதலீட்டாளர் கதை முடிந்தது. பிரேக் அக்கா அசையவில்லை. அவர் வாடகை எதிர்வீட்டு மாடி வாடகையில் சரியாகப் பாதியாக ஆகிவிட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். என் மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"மாடி வாடகையப் பத்தி யோசிச்சேன்" என்றேன்.

"யோசிங்க."

"பாதி வாடகைதான் வருது."

"வருதில்ல? ஒண்ணாந்தேதி காலைல வருது. உங்க சம்பளம் வர்றதுக்கு முன்னாடி வருது."

"எதிர்வீட்டுல இதே அளவு மாடிக்கு ரெண்டு மடங்கு வாங்குறான்."

"எதிர்வீட்டு மாடியில குழாய் சொட்டாது" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த காயை எடுத்தாள்.

குழாய் விஷயம் எனக்குத் தெரியும். பதினொரு வருஷத்தில் பிரேக் அக்கா எனக்குப் பல கடிதங்கள் எழுதியிருக்கிறார். சமையலறைக் குழாய் சொட்டுகிறது, படுக்கையறை ஜன்னல் மூடவில்லை, குளியலறைத் தாழ்ப்பாளைத் தூக்கி இழுத்து உதைத்தால்தான் திறக்கிறது என்று. எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு மேலே 'பரிசீலனையில்' என்று எழுதி வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் நாங்கள் அப்படித்தான் செய்வோம். பெரும்பாலான கடிதங்கள் பரிசீலனையிலேயே குணமாகிவிடும்.

அந்த அம்மாளிடம் நாமாகப் பேசி வாடகையை ஏற்றிக் கேட்டால் என்ன என்று கேட்டேன். சட்டப்படி கேட்கக் கூடாது என்றாள். கேட்டால்தானே தெரியும் என்றேன். தான் படிக்கட்டில் வழுக்கி விழுந்து கால் முறிந்தபோது தன்னைத் தூக்கிக் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யார் என்று கேட்டாள். எனக்கு அன்று அலுவலகத்தில் கணக்கெடுப்பு இருந்தது. இதைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். மறுபடியும் விளக்கினேன். அவள் பட்டாணித் தோலை என் பக்கமாகத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஒரு முதலீட்டாளருக்கு வீட்டில் மரியாதை கிடைக்காதபோது அவர் சங்கத்துக்குப் போகிறார். எங்கள் பகுதியில் வீட்டு உரிமையாளர் சங்கம் ஒன்று உண்டு. டயர் கடைக்கு மேலே ஓர் அறை, பன்னிரண்டு நாற்காலி, பதினைந்து பேர். ரப்பர் நாற்றத்துக்கு நடுவே எல்லோரும் சட்டத்தைத் திட்டினார்கள். மனசுக்கு இதமாக இருந்தது. சந்தா கட்டினேன். வாடகைச் சட்ட விதிகள் அடங்கிய கையடக்கப் புத்தகம் ஒன்றையும் விற்றார்கள். வாங்கினேன்.

சங்கச் செயலாளருக்கு மூன்று வீடு. அவரை மூன்று வீட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். கூட்டம் முடிந்ததும் என்னை ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னார். விதி பதினாலு. சொந்த உபயோகம். வீட்டுக்காரர் குடும்பத்தில் ஒருவர் அந்த போர்ஷனில் குடியிருக்கப் போவதாக மனுப் போட்டால், இருப்பவர் இரண்டு மாதத்தில் காலி செய்தாக வேண்டும்.

"எங்களுக்கு ஒரே பொண்ணு. கல்யாணமாகி வேற ஊர்ல இருக்கா" என்றேன்.

"நீங்க இருக்கீங்களே."

"நான் கீழ இருக்கேன்."

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஒத்துவரல. நீங்க தனியா இருக்கப் போறீங்க. மனுவுல அப்படி எழுதினா யாரு வந்து பார்க்கப் போறா?"

குடியேறியவர் இரண்டு வருஷம் அங்கேயே இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அபராதம், பழைய ஆள் பழைய வாடகைக்கே திரும்பி வந்துவிடலாம் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அதையும் கேட்டேன். மூன்று வீட்டுக்காரர் சிரித்தார். வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலக ஆய்வாளர் ஒரே ஒரு தடவை வருவார், ஒரு பாயும் பல் துலக்கும் பிரஷ்ஷும் இருந்தால் எழுதிக்கொண்டு போய்விடுவார், அதற்குப் பிறகு நல்ல வாடகைக்குப் புது ஆளை வைத்துக்கொள்ளலாம் என்றார். அவருடைய இரண்டாவது வீட்டில் அவருடைய சித்தப்பா அப்படித்தான் குடியிருக்கிறாராம். சித்தப்பா காலமாகி மூன்று வருஷம் ஆகிறது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். மனு என் மனைவி பெயரில் போக வேண்டும். அவள் கையெழுத்துப் போட வேண்டும். எங்களுக்குள் ஒத்துவரவில்லை என்று அவளே எழுத வேண்டும். அழுவாள், கத்துவாள், இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதற்கு இதுதானா பலன் என்பாள் என்று எதிர்பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

அவள் முழுவதையும் கேட்டாள். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான்.

"ரெண்டு வருஷமா?"

"பேப்பர்ல மட்டும்தான்."

"விதிப் புத்தகம் வாங்கினேன்னு சொன்னீங்களே, அதைக் குடுங்க. படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்."

கொடுத்தேன். நான் நாலாம் பக்கம் வரை படித்திருந்தேன். அவள் ஒரு வாரம் படித்தாள். அடுப்பு மேடையில் வைத்துப் படித்தாள், விரலில் மஞ்சள் கறையோடு படித்தாள், பல இடங்களில் பக்கத்தின் மூலையை மடித்து வைத்தாள். பெண்கள் ஒரு விஷயத்தை நம்புவதற்கு நேரம் எடுக்கும் என்று நான் காத்திருந்தேன். அடுத்த சனிக்கிழமை விண்ணப்பம் எங்கே என்று அவளே கேட்டாள்.

விண்ணப்பம் நாலு பக்கம். 'கணவர் தனித்து வாழ வேண்டியதன் காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. மூன்று வரிக்குத்தான் இடம். அவள் எழுதினாள். மூன்று வரி நிரம்பியது. பக்கத்து ஓரத்தில் எழுதினாள். அதுவும் நிரம்பியது.

"தனித் தாள் வெச்சுக்கலாமா?" என்று கேட்டாள்.

"கற்பனைக்கு எதுக்கு இவ்வளவு இடம்?" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இரண்டு தனித் தாள் எடுத்துக்கொண்டாள். குறட்டை, குளியலறை விளக்கை அணைக்காதது, செய்தித்தாளைப் பிரித்துப் போட்டுவிட்டு மடிக்காமல் போவது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் 'ம்' என்பது, கால் முறிந்த அன்று கணக்கெடுப்பு. எல்லாம் தேதியோடு இருந்தது. ஒரு விண்ணப்பத்துக்காக இவ்வளவு உழைக்கிறாளே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. குடியேறப் போகும் உறுப்பினர் என்ற முறையில் நானும் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மேலே என்ன எழுதியிருந்தது என்று பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

பிரேக் அக்காவுக்கு நோட்டீஸ் போன மறுநாள் அவர் கீழே வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று கோப்போடு தயாராக உட்கார்ந்திருந்தேன். அவர் சண்டை போடவில்லை. வாசல்படியிலேயே நின்றார்.

"நீங்களும் அக்காவும் தனியா இருக்கப் போறீங்கன்னு போட்டிருக்கு சார். படிச்சதும் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

"என்ன செய்யறதும்மா. வாழ்க்கை" என்றேன்.

"என் பொண்ணோட ஸ்கூல் இங்கதான் பக்கத்துல. இந்த வாடகைக்கு எனக்கு வேற எங்கயும் வீடு கிடைக்காது. இருந்தாலும் உங்க குடும்பம் முக்கியம். காலி பண்ணிடறேன்."

அவர் போன பிறகு கோப்பை மூடி வைத்தேன். சின்னத்தனமாகத்தான் இருந்தது. என் குடும்பத்துக்காகக் கஷ்டப்படும் ஒரு மனுஷியை என் குடும்பத்தை வைத்தே வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறேன். மனுவைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று நினைத்தேன். எதிர்வீட்டு மாடியைப் பார்த்தேன். வாங்கவில்லை.

இரண்டு மாதமும் என் மனைவி வீட்டைச் சுத்தம் செய்தாள். கீழே இடது பக்கம் இரண்டு அறைகள் உண்டு. ஒன்றில் என் பழைய செய்தித்தாள்கள். இன்னொன்று நான் ஆபீஸ் அறை என்று சொல்லிக்கொள்வது. அதில் ஒரு மேஜையும் நானும் இருப்போம். இரண்டுக்கும் சேர்த்துப் பக்கவாட்டில் ஒரு வாசலும், ஒரு குளியலறையும் உண்டு. என் மனைவி பழைய செய்தித்தாள்களை விற்றாள். சுவருக்கு வெள்ளையடித்தாள். குளியலறைக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டாள். பிரேக் அக்கா போகிற துக்கத்தை இப்படி வேலை செய்து மறக்கிறாள் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. ஒரு நாள் வாளியை நகர்த்திக்கூடக் கொடுத்தேன்.

காலி செய்யும் நாளன்று நான் வீட்டில் இருக்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்கத் துணிவு இல்லை. அலுவலகத்தில் விடுமுறை நாளிலும் போய் உட்கார்ந்து பழைய மீட்டர் அட்டைகளை அடுக்கினேன். சாயங்காலம் ஐந்தரைக்குத் திரும்பினேன். மாடியில் விளக்கு எரிந்தது.

ஓடினேன். மாடிக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே அக்காவின் சாமான் ஒன்றும் இல்லை. என் சாமான் இருந்தது. என் கட்டில், என் அலமாரி, அதில் என் சட்டைகள், மேஜை மேல் என் மூக்குக் கண்ணாடிக் கூடு, குளியலறையில் என் பிரஷ். சமையலறையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு ஸ்பூன். சுவரில் ஆணியில் ஒரு நாள்காட்டி தொங்கியது. இரண்டு வருஷத்துக்கான நாள்காட்டி. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

கீழே இறங்கினேன். இடது பக்க வாசலில் பிரேக் அக்காவின் செருப்பு. உள்ளே என் ஆபீஸ் அறையில் அக்காவின் சோபா. என் மேஜையில் அவர் மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க அங்கிள்" என்று என் வீட்டுக்குள் என்னை வரவேற்றாள்.

சமையலறையில் என் மனைவியும் அக்காவும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்து மகளைக் கவனிக்கப் போனார். எனக்கு ஒரு கண்ணியமான வழியை விட்டுக் கொடுத்தார் என்று நினைக்கிறேன். எனக்கு எந்த வழியும் தெரியவில்லை.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"விதி பதினாலு, உட்பிரிவு ஆறு" என்றாள் என் மனைவி. "காலி பண்றவங்களுக்கு அதே கட்டடத்துல வேற இடம் குடுத்தா பழைய வாடகையே தொடரும். படிச்சீங்களா?"

"நாலாம் பக்கம் வரைக்கும்."

"இது பதினேழாம் பக்கம்."

"சரி, நான் எதுக்கு மாடியில?"

"நீங்கதான குடியேறப் போறவரு. மனுவுல சொல்லியிருக்கோம். ரெண்டு வருஷம் இருக்கணும். இல்லன்னா ஒரு வருஷ வாடகை அபராதம்."

"நம்ம ரெண்டு பேரும் பேசிக்கிட்டது பேப்பர்ல மட்டும்தானே?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "உங்களுக்குத்தான் அது பேப்பர். நான் எழுதினது எல்லாம் நிஜம்ங்க. ரெண்டு தாள் எழுதினேனே, ஒரு வரியாவது பொய்யா? இத்தனை வருஷத்துல உங்ககிட்ட பேசினதைவிட அவங்ககிட்ட பேசினதுதான் அதிகம். அவங்களையும் அனுப்பிட்டா நான் யார்கிட்ட பேசுவேன்? உங்க பேப்பர்கிட்டயா?"

'ம்' என்றேன். அது அவள் எழுதின தாளில் நாலாவது புகார் என்பது உடனே ஞாபகம் வந்தது.

ஒண்ணாம் தேதி காலையில் அவள் மாடிக்கு வந்து கதவைத் தட்டினாள். கையில் ரசீதுப் புத்தகம். குடியேறுபவர் வாடகை செலுத்துவாரா என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்ததாம். ஆம் என்று அவள் குறித்திருந்தாள். கீழே தொகை, அதன் கீழே என் கையெழுத்து. எதிர்வீட்டு வாடகை, ஒரு காசு குறையாமல்.

"நீங்க சொன்ன ரேட்டுதான்" என்றாள். "புது ஆள்கிட்ட என்ன வேணா வாங்கலாம்னு நீங்கதான சொன்னீங்க."

சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுத்தது போக என் கையில் நிற்பதும் அந்த வாடகையும் கிட்டத்தட்ட ஒன்று. முன்பு அவளிடம் கொடுக்காமல் வைத்திருந்ததை இப்போது அவளிடம் கொடுக்கிறேன். வித்தியாசம் என்னவென்றால் இப்போது ரசீது கிடைக்கிறது.

நான் சும்மா இருக்கவில்லை. வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போனேன். வாடகை அநியாயம் என்று கவுன்ட்டரில் சொன்னேன். குமாஸ்தா என் மனுவைத் தேடி எடுத்து, நிதானமாகப் படித்து, புதிதாகக் குடியேறுபவருக்கு வாடகை இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்வது, கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், ஆனால் இனிமேல் வருஷத்துக்கு நூற்றுக்கு மூன்றுக்கு மேல் ஏற்ற முடியாது, அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு உண்டு என்று ஆறுதலாகச் சொன்னார். வீட்டுக்காரர் தொல்லை கொடுக்கிறாரா என்றும் விசாரித்தார். வீட்டுக்காரர் என் மனைவி என்றேன். அவர் எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, அடுத்து என்றார்.

ஆய்வாளர் ஒரே ஒரு தடவைதான் வருவார் என்றார் மூன்று வீட்டுக்காரர். எங்களுக்கு வாய்த்தவர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, சொல்லாமல் வந்தார். கையில் அளவு டேப், முகத்தில் சிரிப்பு கிடையாது. சோப்பு ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். தலையணையில் பள்ளம் இருக்கிறதா என்று பார்ப்பார். முதல் தடவை வந்தபோது நான் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இவர் கீழே வருவாரா என்று என் மனைவியிடம் கேட்டார்.

"சாப்பிட வருவாரு சார். பெல் அடிச்சுட்டு வருவாரு" என்றாள்.

அன்றிலிருந்து நான் பெல் அடித்தேன். இரண்டு முறை அடித்தால்தான் திறப்பார்கள். முதல் முறை அடிக்கும்போது உள்ளே மூன்று பேர் சிரித்துக்கொண்டிருப்பது கேட்கும். இரண்டாவது முறைக்குச் சிரிப்பு நிற்கும்.

மாடியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தக் குழாய் சொட்டுவது சாதாரணமாக இல்லை. டம்ளரை வைத்தால் ஒரு சத்தம், வாளியை வைத்தால் வேறு சத்தம், துணியைக் கட்டினால் துணி நிரம்பிய பிறகு மொத்தமாக விழும் சத்தம். ஜன்னல் மூடவில்லை. மழை பெய்தால் கட்டிலை நகர்த்த வேண்டும். மழை நின்றால் திரும்ப நகர்த்த வேண்டும். குளியலறைத் தாழ்ப்பாளைத் தூக்கி, இழுத்து, உதைத்துத் திறக்கும் வரிசையை நான் கற்றுக்கொள்ள பதினாறு நாள் ஆயிற்று. ஒரு நாள் உள்ளே மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனேன். காரணம் கேட்டார்கள். சொன்னேன். நம்பவில்லை.

என் மனைவியிடம் ரிப்பேர் செய்து தரச் சொல்லிக் கேட்டேன். எழுத்து மூலம் கொடுங்கள் என்றாள். கொடுத்தேன். அவள் வாங்கிப் படித்துப் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து என் பழைய கோப்பை எடுத்து, அக்காவின் கடிதங்களுக்கு மேலே என் கடிதத்தையும் வைத்து மூடினாள். மேலே எழுத வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. நான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன்.

என் வாடகையில் கீழே பக்கவாட்டு வாசலுக்கு நல்ல மரக் கதவு வந்தது. அக்கா மகளின் படிப்புக்கு மேஜை விளக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என் மனைவிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். தெருவில் அவர்கள் காரில் போவதை ஜன்னலில் இருந்து பார்த்தேன். மூடாத ஜன்னலாக இருந்ததில் அந்த ஒரு வசதி. என் மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தே எத்தனையோ வருஷம் ஆகிறது. சிரிக்கக் கூடியவள்தான் போலிருக்கிறது.

சங்கத்திலிருந்து ஒரு கடிதமும் வந்தது. தாங்கள் தற்போது வாடகைக்குக் குடியிருப்பவர் என்று தெரியவருவதால் உறுப்பினர் தகுதியை இழக்கிறீர்கள், சந்தா திருப்பித் தரப்பட மாட்டாது. கீழே மூன்று வீட்டுக்காரர் கையெழுத்து. அதற்குப் பிறகு அவருக்கும் ஒரு சிக்கல் வந்ததாகக் கேள்விப்பட்டேன். சித்தப்பாவின் சோப்பு காய்ந்திருந்ததாம்.

இப்படி ஒரு வருஷம் போயிற்று. ஒண்ணாம் தேதி வந்தது. நூற்றுக்கு மூன்று ஏறியது. சட்டப்படி.

இரண்டாவது வருஷம் எனக்குள் ஏதோ மாறிவிட்டது. செய்தித்தாளைப் படித்ததும் மடித்து வைக்க ஆரம்பித்தேன். மடிக்காவிட்டால் நான்தானே எடுக்க வேண்டும். விளக்கை அணைத்தேன், கரண்ட் பில் தனியாக வந்ததால். சாப்பிடப் போகும்போது அன்றைக்கு அலுவலகத்தில் என்ன நடந்தது என்று சொல்ல ஆரம்பித்தேன். நாள் முழுக்க அதற்குப் பிறகு பேச ஆள் கிடையாதே. மீட்டர் படிக்கப் போனவரை நாய் துரத்திய கதையைச் சொன்னபோது என் மனைவி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே முழுக்கக் கேட்டாள். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டாள். அப்புறம் என்ன ஆயிற்று என்று அவள் என்னைக் கேட்டு நான் சொன்னது, கல்யாணமான புதிதில் நடந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வாடகைகூடப் பெரிதாகத் தெரியவில்லை. குழாயும் பழகிவிட்டது. மேலே படுத்துக்கொண்டு, கீழே அவள் பாத்திரம் கழுவும் சத்தத்தை வைத்து, இப்போது தட்டு, இப்போது குக்கர், இப்போது விளக்கை அணைக்கிறாள் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். அந்த வீட்டில் எனக்கு வேண்டியது அவள் பக்கத்தில் ஓர் இடம். அதை நான்தான் மனுப் போட்டுக் காலி செய்தேன்.

இரண்டு வருஷம் முடிகிற நாள் வந்தது. நாள்காட்டியின் கடைசித் தாளைக் கிழித்தேன். ஆய்வாளர் கடைசித் தடவையாக வந்து, சோப்பைத் தொட்டு, 'தொடர்ந்து குடியிருந்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சட்டைகளைப் பெட்டியில் அடுக்கினேன். அலுவலகத்துக்கு அரை நாள் லீவு போட்டிருந்தேன். முகம் வழித்துக்கொண்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினேன். பழக்க தோஷத்தில் பெல் அடித்தேன். ஒரே முறையில் கதவு திறந்தது.

என் மனைவி பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷம் முடிஞ்சுது" என்றேன். அதற்கு மேல் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. "நீ இல்லாம மேல இருக்க முடியல. நான் கீழயே வந்துடறேன். அக்கா அங்கயே இருக்கட்டும். எனக்கு ஆபீஸ் அறை வேணாம், வாடகை ஏத்த வேணாம், ஒண்ணும் வேணாம். உன்கூட இருந்தாப் போதும்."

அவள் கண் கொஞ்சம் கலங்கிவிட்டது. பெட்டியின் கைப்பிடிமேல் இருந்த என் கையைப் பிடித்தாள். குரல் இத்தனை மெதுவாக வந்து நான் கேட்டதில்லை.

"எனக்கும் அப்படித்தாங்க இருந்துச்சு. தினமும் நெனச்சுப்பேன்" என்றாள். "ஆனா காலி பண்றதா இருந்தா ஒரு மாசம் முன்னாடியே எழுதிக் குடுக்கணும்."